அனுமதியோடு முடியும் அதிகாரம்

2006 செப்டம்பர் 14-ஆம் தேதி அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள பெரிய கட்டடங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். சென்னையின் தி.நகர் வணிக வளாகமோ அடையாற்று அடுக்குமாடியோ, கோப்பு சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குத்தான் போகும். 2022 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இத்தகைய ஆணையங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு அறிவித்தது. சீக்கிரம் அனுமதி கொடுத்தால் மதிப்பெண். நேரடிக் கள ஆய்வைக் குறைத்தாலும் மதிப்பெண். எதிர்ப்பு எழுந்ததும், ஊக்குவிப்பதே நோக்கம் என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. காவல் பணியை வேகத்தால் அளக்க முடியாது.

ஆணையத்தின் நடைமுறையில் நல்ல அம்சங்கள் உண்டு. நிபுணர் குழு பரிசீலித்த பின்பே முடிவு எடுக்கப்படுகிறது. அனுமதி விண்ணப்பங்களுக்காக 2018-இல் வந்த பரிவேஷ் இணையதளத்தால் கோப்பு எங்கே நிற்கிறது என்பதும் தெரிகிறது.

அடிப்படைக் குறை அனுமதி கொடுத்த பிறகு தொடங்குகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும், மழைநீரைச் சேமிக்க வேண்டும் என அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அவை நிறைவேறினவா என்று சொல்வது ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் கட்டுமான நிறுவனமே தரும் அரையாண்டு அறிக்கை. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துகிறார். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் குரல் கோப்பில் ஏறுவதே இல்லை. மயிலாப்பூரில் அடித்தளம் தோண்டும்போது மோட்டார் இரவு பகலாக இறைக்கும் நிலத்தடி நீர் குழாய் வழியாக மழைநீர் வடிகாலில் கலக்கிறது. பக்கத்துக் கிணற்றில் நீர் இறங்குகிறதா என்று பார்க்க ஆணையத்திலிருந்து யாரும் வருவதில்லை.

கண்காணிப்புப் பொறுப்பு அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கு உரியது. அங்கே ஆள் பற்றாக்குறை இருப்பதை மத்தியத் தணிக்கைத் துறையின் 2016-ஆம் ஆண்டு அறிக்கையே பதிவு செய்தது. 2024 ஏப்ரல் முதல் விதிமீறலுக்கான தண்டனையும் தளர்ந்துவிட்டது. ஐந்தாண்டுச் சிறை வரை போகக்கூடிய குற்றத்துக்கு இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். நூறு கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு அது ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

2003-இல் தமிழ்நாடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கெடு விதித்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. சாதாரண வீட்டுக்காரருக்குப் பொருந்திய அந்தக் கண்டிப்பு பெருநிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும். நிபந்தனைகளை ஆணையம் நேரில் சரிபார்க்காதவரை எந்தப் பெரிய கட்டடத்துக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) நிறைவுச் சான்றிதழ் வழங்கக் கூடாது.