விதியும் நடுக்கமும்

கணினிக்கு நிரல் எழுதி எழுத்தை ஓவியமாக்குவது நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஏழுவரை ஏறி இறங்குகின்றன. அதைத் தேர் வடிவில் கட்டமிட்டு எழுதுவார்கள். விதிக்குள்ளேயே இடர் நீங்கக் கேட்கும் குரலும் இருக்கிறது. பின்வந்த சித்திரகவிகள் பலவற்றில் மிஞ்சியது கட்டம் மட்டுமே.

நிரல் ஓவியத்துக்கும் இதே அபாயம். பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் 1980களில் தன் தாயின் கையெழுத்தைக் கணினியால் வரைந்தார். சொற்களே இல்லை, வரி வலப்புறம் போகப்போகக் கோடு பதறுகிறது.

புதுச்சேரியில் பென்ஷன் வாங்க எங்கள் வங்கிக்கு வரும் முதியவர்களின் கையெழுத்து ஆண்டுதோறும் நடுங்கிக்கொண்டே போகிறது. மாதிரியோடு அச்சாகப் பொருந்தினால்தான் சந்தேகிப்பேன்.

மோல்னாரின் பதற்றமும் கணக்கிட்டதுதானே, அப்படியானால் போலியா? இல்லை. எவ்வளவு நடுங்க வேண்டும் என்பதை இயந்திரம் அறியாது, மகள் அறிவாள்.