நெறிமுறையின் ஊர்

குடும்ப மருத்துவருக்கான சிகிச்சை நெறிமுறை, அடிக்கடி வரும் ஒரு நோய்க்கு எதைக் கேட்க வேண்டும், எந்தச் சோதனை தேவை, எந்த மருந்தை எத்தனை நாள் தரலாம், எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஆய்வுச் சான்றுகளின் பலத்தை எடைபோட்டுச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யார், ஆரணி வட்டாரத்துக் கிளினிக்குகளில் மாலை நேரத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களைப் பார்த்தாலே அதன் தேவை விளங்கும். ஐந்து நாள் காய்ச்சலோடு களை பறித்துவிட்டு வந்த பெண், இருமல் நிற்காத குழந்தை, குழித்தறியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட பட்டு நெசவாளர், பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று வாரமான முதியவர். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். பழக்கத்தை மட்டும் நம்பி அந்த நிமிடங்களில் எடுக்கும் முடிவு பல சமயம் தவறிப்போகிறது.

பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி காக்ரன், பயன் நிரூபிக்கப்படாத சிகிச்சைகளில் பணமும் காலமும் வீணாவதை 1972ல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கயாட் 1990களின் தொடக்கத்தில் சான்றை முன்வைக்கும் இந்த அணுகுமுறைக்குச் சான்றுசார் மருத்துவம் என்று பெயர் கொடுத்தார். டேவிட் சாக்கெட்டும் உடன் எழுதியவர்களும் 1996ல், ஆய்வுச் சான்று, மருத்துவரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த மருத்துவம் என்று வரையறுத்தார்கள். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2019 முதல் பொதுவான நோய்களுக்கு ஒரே பக்கத்தில் அடங்கும் சிகிச்சை வரைபடங்களை வெளியிட்டு வருகிறது.

ஆனால் சான்று என்பது எப்போதும் வெளியூர்ச் சரக்காக இருந்ததில்லை. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. 1959ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைக்க உதவியது.

நெறிமுறையின் பலம் எளிய நோய்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. சளி இருமலை எடுத்துக்கொள்ளலாம். மார்புச்சளியால் வரும் சாதாரண இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கும் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. நோயாளிகள் எதிர்பார்ப்பதோ ஒரு வாரம். இந்த இடைவெளியில்தான் ஆண்டிபயாடிக் நுழைகிறது. எட்டாம் நாள் மருந்து கேட்டு, பத்தாம் நாள் மாற்றிக் கேட்டு, பதினைந்தாம் நாள் இருமல் தானாகவே அடங்கும்போது கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரைக்குப் பெயர் போய்ச் சேர்கிறது. “மூன்று வாரம் வரை இருக்கும், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே வாருங்கள்” என்று சொல்லும் துணிவை மருத்துவருக்குத் தருவது அந்த ஒற்றை எண்தான். மெடிக்கல் ஷாப்பில் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரைக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

இதே நெறிமுறை காய்ச்சலுக்கு வரும்போது தடுமாறுகிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட ஏடுகள், வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் வேண்டாம், பொறுத்திருந்து பாருங்கள் என்கின்றன. அந்த ஊர்களுக்கு அது சரி. வேலூரையும் செய்யாரையும் உள்ளடக்கிய இந்த வட்டாரத்தில் மழைக்காலத்திலும் அடுத்து வரும் குளிர் மாதங்களிலும் ஐந்து நாளைத் தாண்டும் காய்ச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். புதரிலும் வரப்பிலும் இருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்பருவம் கடித்துப் பரவுவது இது. கடித்த இடத்தில் வலியில்லாத கருகிய புண் ஒன்று உண்டாகும். அது பெரும்பாலும் அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பகத்துக்குக் கீழோ மறைந்திருக்கும். சிலருக்குப் புண்ணே இருக்காது. துணியை விலக்கிப் பார்க்காத மருத்துவருக்கு அது தெரியப்போவதில்லை. வைடால் சோதனையில் ஏதோ ஓர் எண்ணைக் கண்டு டைஃபாய்டு என்று முடிவுகட்டித் தரும் ஊசிகள் இந்தக் கிருமியைத் தொடுவதில்லை. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலைத் தணித்துவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிப்பு பரவும். தீவிர நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தநாளம் வழியாகத் தருவது, தனித்தனியே தருவதைவிட மேலானது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023ல் நிறுவியது. செய்யார் மருத்துவருக்கு லண்டன் ஏட்டைவிடப் பக்கத்து மாவட்டத்தின் இந்த அறிவு நூறு மடங்கு பயன் தரும்.

சான்றுக்கும் ஊர் உண்டு என்பதைச் செங்கல்பட்டு பிசிஜி ஆய்வைப் போல அழுத்தமாகச் சொன்னது வேறொன்றில்லை. பிரிட்டனில் நல்ல பாதுகாப்புத் தந்த காசநோய்த் தடுப்பூசியை, 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களைத் தடுப்பதால்தான் பிறந்தவுடன் போடப்படுகிறது.

சான்று எந்த ஊருடையது என்ற கேள்வி தொண்டை வலிக்கும் பொருந்தும். தொண்டைத் தொற்றின் பின்விளைவாக வரும் ருமாட்டிக் காய்ச்சல் அநேகமாக மறைந்துவிட்ட நாட்டில் ஆண்டிபயாடிக்கைத் தவிர்ப்பது நியாயம். அதனால் இதய வால்வு கெட்டுப் பிள்ளைகள் இன்னும் வரும் நாட்டில் அதே பரிந்துரையைப் பள்ளிக் குழந்தைக்கு அப்படியே சொல்ல முடியாது.

பட்டு நெசவாளரின் இடுப்புவலியில் நெறிமுறையின் வலுவும் குறையும் ஒன்றாக வெளிப்படுகின்றன. படுத்தே கிடக்க வேண்டாம், அபாயக் குறி இல்லாவிட்டால் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் வேண்டாம் என்பது நன்கு நிறுவப்பட்ட அறிவுரை. திடீர் இடுப்புவலிக்குப் பாரசிட்டமால் வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2014ல் காட்டியது. இங்கே அபாயக் குறிகளில் முதுகெலும்புக் காசநோய்க்கு முதலிடம் தர வேண்டும்: மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் விடாத வலி. அதைத் தாண்டினால் ஏடு மௌனமாகிறது. குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்துக்கொண்டு, பாவின் மேல் குனிந்தே நாள் முழுக்க இருப்பவருக்கு, புடவைக் கணக்கில் கூலி வருகிறது. இரண்டு வாரம் தறியில் இறங்காதே என்று சொல்வது, கூலி இல்லாமல் இரு என்று சொல்வதுதான். இருக்கைப் பலகையின் உயரத்தை மாற்றுவது, மணிக்கொரு தரம் எழுந்து நிமிர்வது போன்ற யோசனைகளை எந்த வரைபடத்தைவிடவும் தறியை நேரில் பார்த்த மருத்துவரே சரியாகச் சொல்வார்.

அந்த நெசவாளருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். இடுப்புவலி ஏடு பரிந்துரைக்கும் வலிமாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெறிமுறைகள் ஒரு நேரத்தில் ஒரு நோயையே பார்க்கின்றன. ஐந்து நோயுள்ள 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனையாக வைத்து ஒவ்வொரு நெறிமுறையையும் அப்படியே பின்பற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2005) அவருக்குப் பன்னிரண்டு மருந்துகள் சேர்ந்துவிட்டன. எல்லாப் பரிந்துரைகளையும் நிறைவேற்ற ஒரு குடும்ப மருத்துவருக்கு நாளுக்கு 26.7 மணி நேரம் தேவை என்று 2022ல் இன்னோர் அமெரிக்கக் கணக்கு சொன்னது. இந்தியக் கிளினிக்கின் கூட்டத்தில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

ரத்த அழுத்தத்தில் மட்டும் நெறிமுறையைச் சுருக்கியதே பலமாக இருக்கிறது. ஐசிஎம்ஆரும் உலக சுகாதார நிறுவனமும் உட்பட பலர் சேர்ந்து 2017ல் தொடங்கிய தேசியத் திட்டம், சில மலிவான மருந்துகளைப் படிப்படியாகக் கூட்டும் ஒரே முறையை முன்வைத்தது. மருந்தின் பெயரும் அளவும் முன்பே முடிவாகிவிடுவதால் செவிலியரும் பின்தொடர முடிகிறது, கொள்முதலும் எளிதாகிறது. 2020ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் உயர் ரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளோரில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்தின் தேர்வைவிட மருந்து விட்டுப்போவதே பெரிய பிரச்சினை என்பதால், 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசென்றது. எளிய நெறிமுறை இல்லாமல் அது சாத்தியமாகியிருக்காது.

நீரிழிவில் அந்த எளிமைக்கு ஓர் எல்லை உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை ஏடுகள் அளவுகோலாக வைக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு மாத்திரையைக் கூட்டுமுன், சாப்பிடுமுன்னும் பின்னும் எடுத்த சர்க்கரை அளவோடு அந்த எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாக வேண்டும்.