பக்காசுரன் கோட்டை எந்த ரோட்டைக் காத்தது?

பர்லியாரில் பஸ் நின்றால் டீ, வடை, சீசன் இருந்தால் மங்குஸ்தான். கூடவே யாராவது மலைப்பக்கம் கைகாட்டி, "அதோ துருகம். இந்த ரோட்டைக் காக்க திப்பு சுல்தான் கட்டின கோட்டை" என்பார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வருஷக் கணக்கு உதைக்குது.

திப்பு இறந்ததும் நீலகிரி கம்பெனி கைக்குப் போனதும் 1799-இல். குன்னூர் மலைப்பாதை போடப்பட்டது 1830-களின் தொடக்கத்தில். இன்றைய ரோட்டின் தடம் அதற்கும் பிந்தியது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். அப்படியானால் இல்லாத ரோட்டுக்கு எதுக்குக் காவல்?

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை முன்னால் போய் நின்றால் எதிரே கடல். அது எதைக் காத்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பக்காசுரன் கோட்டைக்கு அந்த வசதி இல்லை. நான்சச் எஸ்டேட் தாண்டி நடந்து போனால் இடிந்த மதில் துண்டுகள்தான் மிச்சம். அதனால் அதைத் தனியாகப் படிக்கவே முடியாது. அது பார்த்துக்கொண்டிருந்த சமவெளியோடு சேர்த்துத்தான் படிக்கணும்.

அந்தச் சமவெளியில்தான் சண்டை நடந்தது. 1790 செப்டம்பரில் திப்புவின் படை கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் கம்பெனிப் படையோடு மோதியது. பவானிக் கரையில் டணாயக்கன் கோட்டை இருந்தது. என் வாசிப்பில், துருகம் மேலே கண். டணாயக்கன் கோட்டை கீழே கை. மைசூர்க்காரர்கள் துருகத்தைக் காவல் நிலையாக வைத்திருந்ததை ரோடு இல்லாமலே புரிந்துகொள்ளலாம். "பயன்படுத்தினார்" என்பதை "கட்டினார்" என்று மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

பீமன் கொன்ற பகாசுரன் பெயர் ஒரு பக்கம், திப்பு பெயர் இன்னொரு பக்கம். இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே, அந்த உச்சிக்குக் கல் சுமந்தவர்களும் பனியில் காவல் நின்றவர்களும் காணாமல் போகிறார்கள். இந்தக் கதைமேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

டணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் நீருக்குள். அந்த அணை 1955-இல் முடிந்தது. கை மூழ்கிவிட்டது, கண் மட்டும் காட்டுக்குள் மிச்சம். அடுத்த முறை துருகம் ஏறினால் மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீங்க. மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கீழே பாருங்க.