வினாப்படிவத்தில் பாற்பகுப்பு

வட்டார வழக்குகளையும் நாட்டார் கதைகளையும் தொகுக்கும் கள ஆய்வுப் படிவங்களில், தகவலாளரைப் பற்றிய பகுதியில் 'ஆண், பெண், மற்றவை' என வினா அமைவதைக் காண்கின்றோம். மூன்றாவதாக ஓரிடம் தந்தமையே சாலும் எனப் படிவம் ஆக்கியோர் அமைகின்றனர். ஈண்டு நாம் ஆராயப் புகுவது அம்மூன்றாஞ் சொல்லையே.

'மற்றவை' அஃறிணைப் பன்மை. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணைக்கண்ணே வைத்தார். அதற்கெனத் தனி ஈறு இன்மையின் உயர்திணைப் பால்வழியே இசைக்கும் என்றார். ஆண்பாற்சொல்லை அஃது ஏலாது எனவும் விலக்கினார். பின்வந்த பவணந்தியாரோ, பேடு எத்தன்மையை அவாவுகின்றதோ அப்பாலாகக் கொள்க என வகுத்து, அஃறிணையை ஒத்தலும் உண்டு என இடந்தந்தார். ஒருவரது அவாவையே பாலுக்கு அளவையாகக் கொண்ட முற்பகுதி வியத்தற்குரியது. நம் படிவங்கள் அதனை விட்டுப் பிற்பகுதியையே கைக்கொண்டன.

இச்சொல் ஆட்களைச் சுட்டாது, பால்களையே சுட்டும். ஆதலின் வழுவன்று என்பார் உளர். இலக்கணத்தால் அவ்வாதம் நிற்கும். ஆயின் வினாப்படிவத்தொடு உரையாசிரியர் உடன்செல்வதில்லை. கூவாகத்தில் அரவான் கதை கூறும் திருநங்கை அச்சொல்லைத் தம்மேல் ஏற்றியே படிப்பார்.

'மற்றவர்' எனத் திருத்தின் திணைவழு நீங்கும், பொருட்குறை நீங்காது. 2011ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கில் மூன்றாங் குறியீட்டின்கீழ் 4,87,803 பேர் பதிவாயினர். அவருள் திருநங்கையர் எத்துணையர், திருநம்பியர் எத்துணையர் என அறிய வழியில்லை. தம்மைப் பெண் என்றே பதிந்த திருநங்கையர் அத்தொகையுள் அடங்கவும் இல்லை. பிறப்பிற் குறித்த பாலையும் ஒருவர் தம்மை உணரும் பாலினத்தையும் ஒரே வினாவில் அடைத்ததன் விளைவு இது. பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் ஏற்றது. அதன் பின்னரும் கள ஆய்வாளர் தோற்றம் நோக்கித் தாமே குறியிடும் வழக்கம் ஒழிந்திலது.

வினாவை இரண்டாக்கினால் மட்டும் போதுமோ எனின், போதாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பாலின அடையாளத்தை விருப்ப வினாவாகத் தனியே வினவினர். ஆங்கிலத்திற் குறைந்த பயிற்சியுடையோர் சிலர் வினாவின் தொடரமைப்பைப் பிறழ உணர்ந்திருக்கக்கூடும் எனப் பின்னர் ஐயம் எழுந்தது. அப்புள்ளிவிவரத்திற்கு இருந்த தரமேற்பு 2024இல் நீங்கியது. தமிழ்ப்படிவத்தில் 'பாலின அடையாளம்' என்னும் தொடரை விளக்கமின்றி இடுவோர் இதனைக் கருதல் வேண்டும்.

'உங்கள் பாலினத்தை எவ்வாறு கூறுவீர்கள்?' என வினவி, ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, ஊடுபால் என்பவற்றை எழுதி, தம் சொல்லால் நிரப்ப ஒரு வெற்றிடமும் விடையிறுக்க விரும்பாமைக்கு ஓரிடமும் விடுதல் தகும். பிறப்புப்பாலை ஆய்வுப்பொருள் வேண்டினாலன்றி வினவற்க. சொல் தொகுப்பாருக்கு அஃது எதற்கு? ஒருவர் எக்குழுவினருடன் வாழ்ந்து பேசுகின்றார் என்பதன்றோ அவர்க்கு வேண்டுவது!

தகவலாளர் கூற்றை ஆய்வேட்டில் எழுதுங்கால் 'கூறினார்' என்னும் உயர்வுப்பன்மை எல்லார்க்கும் பொருந்துகின்றது. இடர் பின்னிணைப்பில்தான் எழுகின்றது. ஆங்குப் பெயர்க்குப்பின் 'ஆ', 'பெ' எனக் குறியிடும்போதும், தகவலாளர் உரைத்ததையன்றி வேறொன்றை இடுதற்கு ஆய்வாளர்க்கு உரிமையில்லை.