முற்றுப்பெறாத பாத்திரம்: இணையக் கற்பனை விளையாட்டுகளிற் பாத்திரமேற்றல் பற்றிய சில குறிப்புகள்

இலக்கியம் பற்றியும் அரங்கு பற்றியும் சிந்திப்போர் கணினி விளையாட்டுகளைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தும் சிலரும் அவை இளைஞரின் காலத்தை விழுங்குகின்றன எனக் கண்டிப்பதோடு அமைதியடைந்துவிடுகின்றனர். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இக்கண்டனம் பொருந்தவுங்கூடும். அது இங்கு எமது விசாரணைக்குரியதன்று. ஆனால், பல்லாயிரவர் ஒரே வேளையிற் கூடும் இணையக் கற்பனை உலகுகளிலே ஒரு சிறுபான்மையினர் இருக்கின்றனர். அரக்கரைக் கொல்வதும் பொருள் சேர்ப்பதும் அவர்களுக்கு முதன்மையான நோக்கங்கள் அல்ல. தாமே படைத்த ஒரு பாத்திரமாக நின்று, அதன் வாயாற் பேசி, பிறர் படைத்த பாத்திரங்களோடு உறவாடுவதற்காகவே அவர்கள் அங்கு செல்கின்றனர். இதனைப் பாத்திரமேற்றல் என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். இத்துறையிற் புதிதாகக் காலடி எடுத்துவைப்பவர் எதிர்கொள்ளும் இடர்கள் யாவும் அடிப்படையில் இலக்கியப் பிரச்சினைகளே என்பதும், அவற்றுள் தலையாயது தமது பாத்திரத்தை எவ்வளவு தூரம் முடிக்காமல் விடுவது என்னும் பிரச்சினையே என்பதும் எமது கருத்து.

இவ்வாடலின் வரலாறு நீண்டதன்று. 1974இல் ஐக்கிய அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டனர். சிலர் மேசையைச் சூழ அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்துக்குப் பொறுப்பேற்பர். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து உலகை விவரிப்பார். கதவை உதைப்பதாக ஒருவர் கூறினால் அது திறந்ததா இல்லையா என்பதைப் பகடையும் நடுவரும் தீர்மானிப்பர். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவரான றோய் ட்ரப்ஷோ ‘மட்’ என்னும் கணினி விளையாட்டைத் தொடங்க, சகமாணவரான ரிச்சட் பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். படம் எதுவுமின்றி எழுத்தினால் மட்டுமே ஆன உலகம் அது. மாணவர் கையில் இக்கலை பிறந்ததை ஒரு பல்கலைக்கழகச் சஞ்சிகையில் நினைவுகூர்வது பொருத்தமே. பின்னர் 1997இல் ‘அல்ற்றிமா ஒன்லைன்’, 1999இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004இல் ‘வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ எனப் படங்களாலான பேருலகுகள் தோன்றின. பாத்திரமேற்போருக்கெனத் தனிச் சேவையகங்களும் ஒதுக்கப்பட்டன.

மேசையிலிருந்து திரைக்கு வந்தபோது ஒன்று இழக்கப்பட்டது. நடுவர் மறைந்துவிட்டார். வாள்வீச்சின் எண்களை இயந்திரம் கணக்கிடும். ஆனால் சத்திரத்தில் ஒருவன் மற்றொருவனின் தோளைத் தொட்டால் என்ன நிகழும் என்பதை எந்த இயந்திரமும் தீர்மானிப்பதில்லை. அதனை ஆடுவோரே தமக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டும். இக்கலையின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு குறையிலிருந்தே தோன்றியது எனலாம்.

அதன் கருவிகளைச் சற்று நோக்குவோம். ‘வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்’டில் ஆடுவோனுக்கு இரண்டு கட்டளைகள் முக்கியமானவை. ஒன்று பேச்சுக்குரியது, மற்றையது செய்கைக்குரியது. பேச்சுக் கட்டளையில் எழுதுவது பாத்திரத்தின் வாய்மொழியாக அருகில் நிற்போர் திரையிலே தோன்றும். செய்கைக் கட்டளையில் ‘கோப்பையை மெல்லக் கீழே வைக்கிறான்’ என எழுதினால் இயந்திரம் பாத்திரத்தின் பெயரை முன்னே சேர்த்து அதனைப் படர்க்கை வாக்கியமாக்கிவிடும். ஆக, ஒரே மனிதன் பேசும்போது தன்மையிலும் செயற்படும்போது படர்க்கையிலும் எழுதுகிறான். அவன் நடிகன், அடுத்த கணமே கதைசொல்லி, பதில் வரும்வரை பார்வையாளன். ஆடுவோராகத் தமக்குள் பேசவேண்டியவற்றை இரட்டை அடைப்புக்குறிகளுள் இடுதல் மரபு. மேசை விளையாட்டை ஆராய்ந்த சமூகவியலாளர் கரி அலன் ஃபைன், 1983இல் வெளியிட்ட தமது நூலில், மனிதன், ஆடுவோன், பாத்திரம் என்னும் மூன்று சட்டகங்களுக்கிடையே பங்குபற்றுவோர் ஓயாது பெயர்ந்துகொண்டிருப்பதை விளக்கினார். இணையத்தில் இப்பெயர்ச்சி நிறுத்தக்குறிகளாலேயே நிகழ்கிறது.

செய்கை வாக்கியம் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நாவல் வாசித்துப் பழகிய ஒருவர் அக்கட்டளையைக் கண்டதும் ‘இறந்துபோன தன் தமையனை நினைத்து அவன் உள்ளம் கனத்தது’ என எழுத விரும்புவார். நாவலில் அது குற்றமன்று. இங்கு அது வீண். அருகில் நிற்கும் பாத்திரம் அதனைக் காணவியலாது. காணாத ஒன்றுக்கு அது எவ்வாறு பதிலளிக்கும்? அவன் கை ஒரு பழைய கத்தியின் பிடியைத் தடவிக்கொண்டிருப்பதாக எழுதினால் எதிரே இருப்பவர் அக்கத்தி யாருடையது எனக் கேட்கலாம். கேட்காமலும் விடலாம். உள்ளத்தை எழுதாது அதன் புறவடையாளத்தை மட்டும் எழுதுதல் என்னும் கட்டுப்பாட்டை, சிறுகதை எழுத்தாளர் பலர் நெடுங்காலம் முயன்றே கைவரப்பெறுகின்றனர். இங்கோ ஆடலின் அமைப்பே அதனை முதல்நாளிலேயே வற்புறுத்துகிறது.

தொடக்கநிலையினர் பலர் விழும் குழி பாத்திரத்தின் பூர்வ கதையாகும். தாய் தந்தையர் கொல்லப்பட்டமை, மறைந்துபோன அரச வம்சம், யாருக்கும் இல்லாத மந்திரசக்தி எனப் பல பக்கங்கள் எழுதிமுடித்த பின்னரே அவர்கள் உலகினுள் நுழைகின்றனர். இதற்கு ஒரு காரணம் உண்டு. எமது நாட்டுக்கூத்திலே கர்ணனுடைய வரவு பாடப்பட்டதும் களரியைச் சூழ்ந்திருப்போர் யாவருக்கும் அவன் யாரென்பது தெரிந்துவிடுகிறது. அவன் பிறப்பையும் இறப்பையும் அறிந்தே அவர்கள் வந்திருக்கின்றனர். கூத்துக் கலைஞன் அறிமுகத்திற்காக உழைக்கவேண்டியதில்லை. எவ்வாறு ஆடுகிறான் என்பதே கேள்வி. இணைய உலகிற் சத்திரத்துட் புகுபவனை ஒருவரும் அறியார். அந்த அநாமதேயத்தின் அச்சமே நீண்ட சரித்திரங்களை எழுதத் தூண்டுகிறது. ஆனால் அச்சரித்திரத்தில் எல்லாம் நிகழ்ந்து முடிந்துவிட்டது. பிறர் வந்து செய்வதற்கு எதுவும் எஞ்சியிருப்பதில்லை. அனாதையான இளவரசனைச் சத்திரத்திலிருப்போர் வியந்து பார்க்கலாம். அவனோடு பேசுவதற்கு அவர்களிடம் எதுவுமில்லை. கடன்பட்ட ஒரு கொல்லன் வந்தால் நிலைமை வேறு: கடன் கொடுத்தவன் ஒருவன் வேண்டும், லாடம் அடிக்க ஒரு குதிரைக்காரன் வேண்டும், பொய் சொல்லிச் சமாளிக்க ஓர் அயலவன் வேண்டும். புதியவருக்கு வீரத்தைவிடத் தேவையே பயன்படும். இது அழகியல் விருப்பு மட்டுமன்று. உரையாடல் நிகழ்வதற்கான நிபந்தனையுமாகும்.

சிறிய விடயங்களிலும் இக்கலை தன் கடுமையைக் காட்டுகிறது. விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் தலைக்கு மேலும் அதன் பெயர் மிதந்துகொண்டிருக்கும். ஆடுவோன் அதனைக் காண்கிறான். அவனது பாத்திரமோ காணாது. முன்பின் அறியாதவனை அணுகிப் பெயர்சொல்லி அழைப்பவர் புதியவர் என்பது அக்கணமே தெரிந்துவிடும். தாம் அறிந்ததைத் தமது பாத்திரம் அறிந்ததாகக் கொள்ளும் இத்தவறு ‘மெட்டாகேமிங்’ எனப்படும். நடையும் அவ்வாறே. விளையாட்டின் உருவங்கள் இயல்பாகவே ஓடுகின்றன. நடப்பதற்குத் தனி விசையை அழுத்தவேண்டும். நகரத் தெருவில் ஒருவர் நிதானமாக நடந்துசென்றால் அவர் பாத்திரமேற்றவர் என மற்றவர்கள் ஊகித்துக்கொள்வர். புதியவர் செய்யத்தக்கதும் இதுவே: ஒரு சத்திரத்துக்கு நடந்துசென்று, ஒரு மூலையில் அமர்ந்து, சில மாலைகள் பிறர் பேசுவதைக் கேட்டல்.

நடுவர் இல்லாத அரங்கில் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினா இனி எழுகிறது. ‘வாளை வீசுகிறான்’ என எழுத எவருக்கும் உரிமையுண்டு. ‘வாளை வீசி அவன் கையைத் துண்டிக்கிறான்’ என எழுத உரிமையில்லை. மற்றவனின் உடலில் நிகழ்வதை மற்றவனே எழுதவேண்டும். இணக்கம் ஏற்படாவிடின், ஒன்றிலிருந்து நூறுவரை ஓர் எண்ணைத் தரும் பகடைக் கட்டளையை இருவரும் பயன்படுத்தி முடிவுசெய்வர். இது வெறும் பண்பாடு பற்றிய விதி எனக் கருதுவோர் 1993இல் ‘லம்டாமூ’ என்னும் எழுத்துலகில் நிகழ்ந்ததை அறிதல் நன்று. அது போர்க் கற்பனை உலகமன்று, உரையாடலுக்கான இடம். அங்கு ஒருவர் பிறருடைய பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறை நிகழ்வதாக, அவர்களது விருப்பமின்றி, வாக்கியங்களை எழுதினார். நிகழ்ந்தது எழுத்து மட்டுமே; காயமோ மெய்யானது. அவ்வாண்டு டிசம்பரில் ஜூலியன் டிபெல் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை வழியாக இது பரவலாக அறியப்பட்டது. பிறருடைய பாத்திரத்தைப் பற்றி ஒரு வினைமுற்றை எழுதுவதற்கு முன் தயங்கவேண்டும் என்பதன் பொருள் இங்குதான் முழுமையாக விளங்குகிறது.

பார்ட்டில் 1996இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே ஆடுவோரைச் சாதிப்போர், தேடுவோர், கூடிப்பழகுவோர், கொல்வோர் என நால்வகைப்படுத்தினார். பாத்திரமேற்றலை அவர் மூன்றாவது வகையினருடன் சேர்த்து, பிறரோடு பேசுவதற்கான ஒரு சூழலாகவே நோக்கினார். வகைப்பாடு பயனுள்ளதே, ஆயினும் இது பாதி உண்மை. பேசுவதற்காக மட்டும் ஒருவர் ஒரு கொல்லனாக வேண்டியதில்லை. வேடத்தினூடாகப் பேசும்போது வேடமின்றிச் சொல்லமுடியாத சில சொல்லப்படுகின்றன என்பதைப் பார்ட்டிலின் கட்டம் உள்ளடக்கவில்லை.

இதற்கு இபெலினைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை. நோர்வேயைச் சேர்ந்த மட்ஸ் ஸ்டீன், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோயுடன் வாழ்ந்து, 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தவர். சக்கர நாற்காலியிலிருந்த மகன் நட்பும் காதலும் அறியாமலே மறைந்தான் எனப் பெற்றோர் துயருற்றனர். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் மரணச்செய்தியை இட்டபோது பல நாடுகளிலிருந்தும் மடல்கள் வந்து குவிந்தன. ‘வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்’டின் ‘ஆர்ஜென்ட் டோன்’ என்னும் பாத்திரமேற்றற் சேவையகத்திலே, ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவில், அவர் இபெலின் ரெட்மோர் என்ற பெயரில் வாழ்ந்திருந்தார். குழுவினர் சிலர் வெளிநாடுகளிலிருந்து வந்து இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டனர். பெஞ்சமின் றீ இயக்கிய ஆவணப்படம் இவ்வரலாற்றை 2024இல் உலகறியச் செய்தது.

இபெலின் யார்? துப்பறிவாளன். துப்பறிவாளனின் தொழில் பிறரைக் கேள்வி கேட்பதும் அவர்கள் சொல்வதைக் கேட்பதும். தன் சரித்திரத்தை விரித்துரைப்பவனாக அன்றி, மற்றவர் கதைக்குள் நுழைய நியாயமான காரணம் உடையவனாக மட்ஸ் தனது பாத்திரத்தை அமைத்துக்கொண்டார். திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, புதியவர்க்கு இதனிலும் சிறந்த பாடம் கிடைப்பதரிது. அவனுக்கு ஒரு வழக்கமும் இருந்தது: அவ்வுலகின் பாதைகளில் அவன் ஓடுவான். நடக்கவியலாத மனிதனின் பாத்திரம் ஓடியது என்பதை எளிதான குறியீடாக்கிவிடும் ஆசை விமர்சகனுக்கு எழும். அதனைத் தவிர்ப்போம். ஒரு பாத்திரத்தைப் பிறர் நினைவில் நிறுத்துவது அதன் பூர்வ கதையன்று, நாள்தோறும் கண்ணிற்படும் ஒரு சிறு பழக்கமே என்பதே இங்கு எமக்கு முக்கியமானது.

இபெலின் குற்றமற்றவனாகவும் இருக்கவில்லை. மட்ஸ் தமது நோயை நெடுங்காலம் குழுவினரிடமிருந்து மறைத்தார். சிலரைப் புண்படுத்தியும் இருக்கிறார். இவற்றை மறைக்காமற் காட்டியது படத்தின் நேர்மை. டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாயும் ஓட்டிசம் உடைய அவர் மகனும் இபெலினின் யோசனையால் விளையாட்டின் வழியாக நெருங்கிய பகுதியும் படத்தின் சிறப்பான பகுதிகளுள் ஒன்று. தப்பியோடல் என்ற சொல்லால் இவ்வாடலை ஒதுக்குவோர் அத்தாய் எதிலிருந்து எங்கே தப்பியோடினார் எனக் கூறவேண்டும்.

எமது மாணவர் கருதத்தக்க இன்னொன்றும் உண்டு. அக்குழுவின் நோர்வேயரும் டச்சுக்காரரும் டேனியரும் எழுதியது தாய்மொழியில் அன்று, கற்ற ஆங்கிலத்தில். பிழைபட்ட ஆங்கிலம் பேசும் ஒரு பரதேசியைப் பாத்திரமாகக் கொண்டால் பிழையே இயல்பாகிவிடும். தமிழில் இவ்வாறு ஆடுவதற்கு உரிய உலகம் ஒன்று உருவாகும்வரை இவ்வுத்தியையாவது கைக்கொள்ளலாம்.

படத்தைப் பற்றி ஒரு குறை கூறவேண்டியுள்ளது. உரையாடற் பதிவுகளை இயக்குநர் அசைவூட்டக் காட்சிகளாக மாற்றி நடிகரின் குரல்களையும் சேர்த்துள்ளார். பார்வையாளரைக் கவர அது தேவைப்பட்டிருக்கலாம். எனினும் மூலம் எழுத்து. ஒரு வாக்கியத்துக்கும் மறுமொழிக்கும் இடையே, கண்காணா ஒருவர் தட்டச்சிடுவதற்காகக் காத்திருக்கும் மௌனமே இக்கலையின் சுவை. குரல்கள் அம்மௌனத்தை நிரப்பிவிடுகின்றன. மேலும், இவ்வரங்குகள் யாவும் நிறுவனங்களின் உடைமைகள். ‘ஸ்டார் வோர்ஸ் கலக்ஸீஸ்’ 2011 டிசம்பரிலும் ‘சிட்டி ஒஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பரிலும் அவற்றை நடத்தியோரால் மூடப்பட்டன. அங்கு ஆண்டுக்கணக்காகப் பேசப்பட்டவை பெரும்பாலும் எவர் கைக்கும் எட்டாமற் போயின. இபெலினின் சொற்கள் இன்று வாசிக்கக் கிடைப்பது அவனோடு ஆடியோர் அவற்றைச் சேமித்து வைத்தமையாலேயே.