விலகியோர் எழுதிய இரு நூல்கள்

அரச குடும்பத்தில் பிறந்த ஒருவர் தம் குடும்பக் கடமைகளை விட்டு விலகும்போது நாடே இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடுவதைக் காண்கிறோம். பிறப்பால் வந்த பொறுப்பை உதறலாகாது என்பது ஒரு கட்சி. பிறப்பைத் தேர்ந்துகொண்டவர் எவருமில்லை, தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ள அவருக்கும் உரிமையுண்டு என்பது மற்றொரு கட்சி. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது திறனாய்வாளன் வேலையன்று. ஆயினும், விலகியவரே தம் கதையை நூலாக்கி உலகின்முன் வைக்கும்போது, அந்நூலை எடைபோடும் உரிமை படிப்பவனுக்கு வந்துவிடுகிறது. அத்தகைய நூல்கள் இரண்டினை இங்கு நோக்குவோம். ஒன்று, எட்டாம் எட்வர்டு 1951-இல் வெளியிட்ட 'எ கிங்ஸ் ஸ்டோரி'. மற்றொன்று, இளவரசர் ஹாரி 2023 ஜனவரியில் வெளியிட்ட 'ஸ்பேர்'.

எட்வர்டு 1936 ஜனவரி 20-ஆம் நாள் மன்னரானார். அப்போது அவர் இந்தியாவுக்கும் பேரரசர். 1921 நவம்பரில் பட்டத்து இளவரசராக அவர் பம்பாயில் வந்திறங்கியபோது ஒத்துழையாமை இயக்கத்தார் அவ்வருகையைப் புறக்கணித்ததும், நகரில் கலவரம் மூண்டதும் நம் நாட்டு வரலாறு. மன்னரான பின் வாலிஸ் சிம்ப்சன் அம்மையாரை மணக்க விரும்பினார். அவ்வம்மையார் ஒருமுறை மணவிலக்குப் பெற்று, இரண்டாம் மணத்தையும் விலக்கிக்கொள்ளும் நிலையில் இருந்தவர். பிரதமர் பால்ட்வின் இசையவில்லை, திருச்சபையும் இசையவில்லை. டிசம்பர் 10 அன்று, தம்பியர் மூவரும் சான்றாக நிற்க, எட்வர்டு முடிதுறப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டார். ஓராண்டுகூட நிறையாத ஆட்சி அது.

ஹாரியின் நிலை வேறு. 2020 ஜனவரி 8 அன்று, அரசகுடும்பத்தின் முன்னணிப் பணிகளிலிருந்து விலகுவதாக அவரும் அவர் மனைவி மேகனும் அறிவித்தபோது அவர் அரியணை வரிசையில் ஆறாமவர். 2021 பிப்ரவரியில் அம்முடிவு உறுதியாயிற்று. அரசகுடும்பப் பணியை விட்டவர் அப்பணியோடு கூடிய பொதுத்தொண்டின் பொறுப்புகளைத் தொடர இயலாது என்றது அரண்மனை. தொண்டு எவர்க்கும் பொது என்று மறுமொழி கூறினர் விலகிய இருவரும். கடமை என்னும் ஒரு சொல்லுக்கு ஒரே நாளில் இரு பொருள் பிறந்தன. ஊரார் வழக்கு முழுவதும் இவ்விரு பொருளுக்கிடையே நடந்ததே எனலாம்.

இனி நூல்களின் அமைப்பைக் காண்போம். எட்வர்டின் நூல் அவர் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறுவதோடு முடிகிறது. நூல் வெளிவந்ததோ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின். 1937 அக்டோபரில் அவர் ஜெர்மனி சென்று இட்லரைச் சந்தித்ததும், 1940 முதல் 1945 வரை பகாமாத் தீவுகளின் ஆளுநராக இருந்ததும் அவ்விடைவெளியில் நிகழ்ந்தவை. அவை கதைக்குப் புறம்பாயின. காதலுக்காக முடிதுறந்தவர் என்ற ஓவியம் கலையாமல் நிற்க வேண்டுமானால், கதை கப்பல்துறையில் நின்றாக வேண்டும். நூல் நிற்கும் இடமே அதன் வாதமாகிறது.

ஹாரியின் நூலோ விலகியவர் திரும்பி வருவதில் தொடங்குகிறது. 2021 ஏப்ரலில் பாட்டனாரின் இறுதிச் சடங்கிற்கு வந்தவர் தந்தையையும் தமையனையும் தோட்டத்தில் சந்திக்கிறார். ஏன் சென்றாய் என்பது அவர்கள் வினா. அதற்கு விடையாகவே நூல் முழுவதும் எழுதப்பட்டதாக அமைப்பு. இது வலிய தொடக்கம். ஆனால் நூலின் குறையும் இங்கேயே வேர்கொள்கிறது. தந்தைக்கு எழுதும் மடலும் உலகத்தார் விலை கொடுத்து வாங்கும் நூலும் ஒன்றாக இருக்க முடியுமா? தந்தைக்கு எழுதும் மகன் சிலவற்றைச் சொல்லாமலே உணர்த்துவான். உலகிற்கு எழுதுபவன் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தின் மறைவான பேச்சுகளைச் செய்தித்தாள்கள் விற்றன என்பது இந்நூலின் பெருங்குறை. அத்தகைய பேச்சுகளையே நூலும் விரித்துரைக்கிறது. இம்முரணை ஆசிரியர் எதிர்கொண்டு தெளிவித்ததாகத் தெரியவில்லை.

எனினும் நூலின் முற்பகுதி உண்மையான இலக்கியத் தகுதி உடையது. 1997-இல் தாய் டயானா மறைந்தபோது ஹாரிக்கு வயது பன்னிரண்டு. தாய் இறக்கவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறார் என்று நெடுங்காலம் தம்மைத் தாமே நம்பவைத்துக்கொண்ட சிறுவனின் உள்ளம் அங்கே மிகையின்றிப் பதிவாகியுள்ளது. எழுத்தாளர் மோரிங்கரின் துணையோடு எழுதப்பட்ட நூல் என்பதால் அத்துயரின் மதிப்புக் குறைவதில்லை. நூலின் பெயரும் பொருள் பொதிந்தது. மூத்தவன் வாரிசு, இளையவன் உதிரி. தேவைப்படும் வரை காத்திருப்பதே உதிரியின் கடமை. தேவைப்படாமற் போவதே குடும்பத்தின் நலம். இத்தகைய கடமை ஒரு மனிதனின் வாழ்வை நிறைக்குமா என்ற வினாவை எழுப்பியதே இந்நூலின் சிறப்பு.

இவ்விரு விலகலையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பது பொருந்தாது. எட்வர்டு இறக்கிவைத்த சுமையை ஒருவர் ஏற்றே ஆகவேண்டியிருந்தது. தம் வானொலி உரையில், நீண்ட பயிற்சியுடைய தம்பி இடையீடின்றிப் பணியைத் தொடர்வார் என்று அவர் உறுதி கூறினார். அந்தத் தம்பியோ, திக்குவாயால் துன்புற்ற ஆறாம் ஜார்ஜ். செய்தியைத் தாயிடம் சொல்லச் சென்றபோது குழந்தைபோல் அழுததாக அவர் எழுதிவைத்த குறிப்பு, 1958-இல் வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாற்றால் உலகறிந்தது. அண்ணனின் உறுதிமொழியையும் தம்பியின் கண்ணீரையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி முடிதுறப்பின் முழுக்கதை விளங்காது. ஹாரியின் விலகலால் ஆட்சிப்பொறுப்பு எதுவும் வெற்றிடமாகவில்லை. ஆகவே அவரைக் கடமை தவறியவர் என்று எளிதில் பழிப்பவர்கள், எக்கடமை என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். ஆனால் அவர் நூலில் தமையன் பெரும்பாலும் போட்டியாளராகவே காட்சியளிக்கிறார். அதே தாயை இழந்த, அங்கேயே இருந்தாக வேண்டிய மற்றொரு மகனாக ஓரிரு இடங்களிலேயே தோன்றுகிறார்.

பிழைப்பின்பொருட்டு ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வழக்கு அயலார் வழக்கன்று. நம்மில் பலர் குடும்பங்களிலும் புறப்பட்டு வந்தவர் ஒருவர். பெற்றோரையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றவர் ஒருவர். வந்தவர் கதையைச் சொல்லப் பலருண்டு; நின்றவர் கதை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. விலகுவதற்கு உரிமையுண்டு என்பதை இவ்விரு நூல்களும் தத்தம் வழியில் நிறுவிவிடுகின்றன. ஆயின் நின்றவருக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினார் என்பதைக் கொண்டே விலகியவர் நூலை அளத்தல் வேண்டும். அவ்வளவையில் இரண்டு நூல்களும் நிறைவு பெறவில்லை.