காடு கீழே இறங்கி வரும் காலம்

இலையுதிர்காலக் காட்டில் நடக்கப் பெரியவர்களுக்குத்தான் பயிற்சி தேவை. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள், "அடடா, என்ன நிறம்!" என்பார்கள், நாலு படம் எடுப்பார்கள். பிறகு, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். குழந்தை அண்ணாந்து பார்ப்பதில்லை, குனிகிறது. அந்தப் பருவத்தில் காட்டைப் பார்க்கச் சரியான கோணமும் அதுதான். கோடை முழுக்க நம் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்த இலையும் காயும் கொட்டையும் இப்போது தரைக்கு வந்துவிடுகின்றன. மூன்றடி ஆளுக்காகவே காடு இறங்கி வருகிற காலம் இது.

லண்டனின் வடகிழக்கில் உள்ள எப்பிங் காட்டை எடுத்துக்கொள்வோம். அதன் தெற்கு முனை மேனர் பார்க். பக்கத்திலுள்ள ஈஸ்ட் ஹாமில் காய்கறி வாங்கிவிட்டு நடந்தே போய்ச் சேரலாம். அங்கே தொடங்கி எப்பிங் ஊர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீள்கிறது, பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர். தெற்கு முனையில் பெரும்பாலும் புல்வெளிதான். அடர்ந்த மரங்களைப் பார்க்க, சென்ட்ரல் லைன் ரயிலில் லவுட்டனில் இறங்கி மேற்கே ஏற வேண்டும்.

முதலில் நிறம். ஜப்பானின் மேப்பிள்களையோ அமெரிக்காவின் வெர்மான்ட்டையோ படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். சிவப்பு குறைவு. இந்தக் காட்டின் ருசி மஞ்சளின் பேதங்களில் இருக்கிறது. பிர்ச் வெளிர் மஞ்சள், ஹார்ன்பீம் அதைவிடக் கெட்டி மஞ்சள், ஓக் மட்டும் தாமதமாக மாறி நேரே பழுப்புக்குப் போகும். பீச் இலைதான் நின்று பார்க்க வேண்டியது. ஒரே இலையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செம்பு என எல்லாம் இருக்கும். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், நரம்போரம் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இந்த மஞ்சள் கோடையிலும் உள்ளேதான் இருந்தது, பச்சையம் மறைத்துக்கொண்டிருந்தது, குளிர் வந்ததும் மரம் பச்சையத்தைக் கலைத்து அதிலிருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். உடனே பச்சை இலை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒளிந்திருக்கும் மஞ்சளுக்காக உற்றுப் பார்க்கும்.

அடுத்து ஓசை. மழை பெய்த மறுநாள் சருகு ஊமை. காற்றடித்து இலை கொட்டி, பிறகு இரண்டு நாள் காய்ந்திருந்தால் பீச் சருகு முழங்கால் வரை சரசரக்கும். அதைக் காலால் தள்ளிக்கொண்டு போவது ஒரு தனிச் சுகம். கிளறும்போது எழும் மண்வாசனைக்குக் காரணம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். நம் ஊரில் முதல் மழைக்கு எழும் வாசனையிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

கைக்கு வேலை கொடுப்பது கொட்டைகள். செஸ்ட்நட்டில் இரண்டு உண்டு. மெல்லிய முள் நெருக்கமாக மூடி, தொட்டால் குத்துவது உண்ணத்தக்கது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள் கொண்டது கான்கர், அது தின்னக் கூடாதது. பால்கன் நாடுகளிலிருந்து வந்த மரம் அது. கான்கரின் தோட்டைப் பிளந்ததும் தெரியும் பளபளப்பு இரண்டொரு நாளில் மங்கிவிடும். ஆகவே அதைத் தானே பிளந்து, முதலில் பார்க்கிற உரிமையைக் குழந்தைக்கே விட்டுவிட வேண்டும். வெள்ளை நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதி உடைக்கிற விளையாட்டு பிற்பாடு.

காளான் கண்ணுக்கு மட்டும். எப்பிங் காட்டில் பறிப்பதற்குத் தடை, கொல்லும் நஞ்சுள்ளவையும் உண்டு. ஒரு சின்ன முகக்கண்ணாடி கொண்டு போங்கள். காளானின் குடைக்கு அடியில் நீட்டினால், தொடாமலே அதன் மடிப்பு வரிகள் முழுதும் தெரியும். பிர்ச் மரங்களின் அடியில் வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் காளான் கண்ணில் பட்டால் அன்றைய நடை அங்கேயே நின்றுவிடும். நிற்கட்டும்.

இந்தக் காட்டின் மரங்களுக்கு விசித்திரமான உருவம். அடிமரம் குட்டையாகப் பருத்து, ஆளுயரத்துக்கு மேலே பத்துப் பதினைந்து கிளைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். மாடும் மானும் எட்டாத உயரத்தில் விறகுக்காகக் கிளை கழித்துக் கழித்து வந்த வடிவம் அது. அப்படிப்பட்ட பழைய மரங்கள் 50,000-க்கு மேல் இங்கே உண்டு. நவம்பர் 11 நள்ளிரவில் கோடாலியைப் போட்டு, விறகுக்குக் கிளை வெட்டும் தங்கள் உரிமையை நிலைநாட்டுவது அந்நாளில் லவுட்டன்காரர்களின் வழக்கமாக இருந்தது. நிலப்பிரபு காட்டை வேலியிட்டபோதும் தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளியின் குடும்பம் கிளை வெட்டியது. 1866-ல் அவர் மகன் சிறைக்குப் போனார். அந்தச் சண்டை வளர்ந்து 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது, காடு மக்களுக்கென்று ஆனது. கிளை வெட்டும் உரிமை மட்டும் போயிற்று. அதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தில் லவுட்டனில் எழுந்த மண்டபம் இன்றும் இருக்கிறது. பொந்துவிட்ட ஹார்ன்பீமுக்குள் ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொந்துக்கும் வளைந்த கிளைக்கும் பின்னால் பல தலைமுறை விறகுவெட்டிகளின் கை இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்தால், காத்திருப்பது அலுக்காது.

நேரமும் பார்த்துப் போக வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நவம்பர் முதல் வாரத்தில் நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வெயில் சாய்வாக மரங்களுக்கு இடையில் நுழையும். செம்பு நிறம் அப்போதுதான் வாய்திறக்கும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், மாற்றுக் காலுறை, பிளாஸ்க்கில் சூடாக ஏதாவது போதும்.

தேர்ந்த பாடகர் ஆலாபனையில் நாலு சுரங்களுக்குள்ளேயே அரைமணி சுற்றுவார், யாரும் அவரைப் பல்லவிக்கு விரட்டுவதில்லை. குழந்தையும் விழுந்து கிடக்கும் ஒரு மரத்தைச் சுற்றி அப்படித்தான் நடக்கும். அதை அவசரப்படுத்தாமல் இருப்பதே இந்தக் கலையின் முதல் பாடம். இரண்டாவது பாடம், வாராவாரம் புது இடம் தேடாமல் அதே முந்நூறு அடிப் பாதைக்குத் திரும்பப் போவது. போன வாரம் மஞ்சளாக இருந்தது இன்று செம்பு, தலைக்கு மேலிருந்தது காலடியில், காளான் இருந்த இடத்தில் கறுப்புக் கூழ். முன்பு பார்த்ததோடு ஒப்பிடத் தெரிந்தவர்தான் ரசிகர். "அது எங்கே போச்சு?" என்று குழந்தை கேட்கிற நாளில் நம்மோடு நடப்பது இன்னொரு ரசிகர்.